மூன்று மாதத்துக்கு ஒரு முறை

ஊதா மூடி என்றால் எடுத்துக்கொள், பச்சை மூடி என்றால் திருப்பி அனுப்பு. ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். ஊதா மூடி டியூபுக்குள் ஈடிடிஏ பூசியிருக்கும். பச்சை மூடிக்குள் ஹெபாரின். இரண்டுமே ரத்தம் உறையாமல் காப்பவைதான். ஆனால் ஹெபாரின் கடைசிவரை ஒட்டிக்கொண்டே வந்து, பிறகு நாங்கள் சேர்க்கும் நொதியை வேலை செய்யவிடாது. திரையில் கோடு எழும்பாது. விவரம் தெரியாதவர் பார்த்தால் நோயே இல்லை என்று நினைத்துக்கொள்வார். சோதனை நடக்காமல் போனதும், நோய் இல்லாமல் போனதும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதை அன்றைக்கே சொல்லிக்கொடுத்தவர் எங்கள் சீனியர். எல்லோருக்கும் அவர் அக்கா.

சென்னையில் மூலக்கூறு ஆய்வகங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி ஒரே நோய்க்காக ஒரே மரபணுவை எண்ணுவதில் போயிற்று. நோயின் பெயர் நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா; டாக்டர்கள் சிஎம்எல் என்பார்கள். ரத்த வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய். சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டரில் பத்தாயிரத்துக்கு உள்ளே இருக்கவேண்டிய வெள்ளணுக்கள் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று ஏறியிருக்கும். இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் வீங்கி, ‘கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது’ என்று ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். நம் நாட்டில் இது முப்பது, நாற்பது வயதிலேயே வருவதைப் பார்க்கிறோம். குடும்பம் யாரை நம்பி ஓடுகிறதோ அவரையே பிடிக்கிற வயது அது.

பெயர் விஷயத்தில் தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு. அந்த மரபணுவின் பெயர் பிசிஆர்-ஏபிஎல். அதை எண்ணும் முறையின் பெயரும் நம் எழுத்தில் பிசிஆர்தான். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு வேறு. தமிழில் இரண்டும் ‘பி’யில் வந்து நிற்கும். கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் பிசிஆர் என்றால் மூக்கில் குச்சி விடும் சோதனை. அதனால் இந்தக் கட்டுரையில் மரபணுவை எப்போதும் பிசிஆர்-ஏபிஎல் என்று சேர்த்தே எழுதுகிறேன். சோதனையை ‘ரியல் டைம்’ என்று சொல்லிக்கொள்கிறேன். ஆய்வகத்தில் எங்கள் வழக்கும் அதுதான்.

1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். அதற்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. அது வெறுமனே குட்டையானதல்ல, 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் முனைகளை மாற்றிக்கொண்டதால் வந்தது என்று 1973-ல் காட்டியவர் ஜேனட் ரௌலி. அப்படி மாறும்போது 9-ல் இருந்த ஏபிஎல், 22-ல் இருந்த பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுப்போட்ட இந்த மரபணு செய்யும் புரதம், ‘பெருகு, பெருகு’ என்று அணுவுக்கு ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கிறது.

நான் சேர்ந்த காலத்தில் எலும்பு மஜ்ஜை எடுத்து, அணுக்களை வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்தி, மைக்ராஸ்கோப்பில் இருபது அணுக்களை எண்ணுவோம். இருபதில் ஒன்றில் ஃபிலடெல்ஃபியா இருந்தால் ஐந்து சதவீதம். அதற்குக் கீழே கண்ணுக்கு எட்டாது. நோயாளிக்கோ இடுப்பெலும்பில் ஊசி. ஒரு தடவை குத்திக்கொண்டவர்கள் அடுத்த தடவைக்கு வரத் தயங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ரத்தத்திலிருந்தே எண்ணலாம் என்று ஆனபோது, டிஎன்ஏ-வை விட்டுவிட்டு ஆர்என்ஏ-வை ஏன் தேடுகிறோம் என்று நான் அக்காவைக் கேட்டேன். டிஎன்ஏ கல் மாதிரி. நாள் கணக்கில் கெடாது. ஆர்என்ஏ-வோ கைவிரல் பட்டாலே போய்விடும், நம் வியர்வையில் இருக்கும் நொதியே அதைத் தின்றுவிடும். இத்தனை பாடு எதற்கு? அவர் வெள்ளைத் தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். குரோமோசோம் ஒடியும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. மரபணுவின் நடுவே அர்த்தமில்லாத நீண்ட பகுதிகள் உண்டு. அதில் எங்கே வேண்டுமானாலும் ஒடியலாம். ஆனால் அணு அதை ஆர்என்ஏ-வாகப் படியெடுக்கும்போது அந்த நீளப் பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, தேவையான துண்டுகளை மட்டும் தைத்துக்கொள்கிறது. ஆகவே நூறு நோயாளிகளுக்கு நூறு இடத்தில் ஒடிந்திருந்தாலும், ஆர்என்ஏ-வில் தையல் விழும் இடம் பெரும்பாலோருக்கு இரண்டே வகை. அந்தத் தையலுக்கு இந்தப் பக்கம் ஒரு பிரைமர், அந்தப் பக்கம் ஒரு பிரைமர் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) வைத்தால் போதும். எல்லோருக்கும் ஒரே சோதனை. மரபணு இருக்கிறதா என்பதோடு, அது எவ்வளவு பேசுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அந்தப் படியை எடுக்கும் வேலையைச் சொல்கிறேன்; என் கைகள் அதிகம் செய்தது அதுதான். ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைத்துக் கழுவிவிட்டால், டியூபின் அடியில் வெள்ளணுக்கள் சிறு பொட்டாகத் தங்கும். அதில் டிரைசால் ஊற்றுவோம். இளஞ்சிவப்பு நிறம், ஃபீனால் வாடை, தோலில் பட்டால் வெந்துபோகும். பிறகு குளோரோஃபார்ம் விட்டு உலுக்கி, குளிர்ந்த சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கும். அடியில் ரோஜா நிறம், நடுவில் பாலாடை போல வெள்ளைப் படலம், மேலே தண்ணீர் போல ஒரு தெளிவு. அந்தத் தெளிவில்தான் ஆர்என்ஏ. பிப்பெட் முனை பாலாடையில் படாமல் மேலடுக்கை மட்டும் உறிஞ்ச வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் எடுக்கப்போனால் எல்லாம் கெட்டுப்போகும். ‘விட்டுட்டு வா, பரவாயில்ல’ என்பார் அக்கா பின்னால் நின்றுகொண்டு. ஐசோபுரோப்பனால் சேர்த்து மறுபடி சுற்றினால் ஆர்என்ஏ பெல்லட்டாக அடியில் உட்காரும். சில நாள் உப்புக்கல் அளவுக்கு இருக்கும். பல நாள் கண்ணுக்கே தெரியாது. டியூபின் எந்தப் பக்கம் வெளிப்புறமாக இருந்தது என்று பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு, அங்கே இருக்கிறது என்று நம்பி, எதிர்ப்பக்கமாகச் சாய்த்து ஊற்ற வேண்டும். ஊற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை.

முதல் சில ஆண்டுகள் இதன் முடிவை ஜெல்லில்தான் பார்த்தோம். புற ஊதா விளக்கின் கீழே ஆரஞ்சுப் பட்டை தெரிந்தால் நோய் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை. இரண்டு வகைத் தையலுக்கும் பட்டைகள் 75 எழுத்து நீள வித்தியாசத்தில் மேலும் கீழுமாக வரும். நோயைக் கண்டுபிடிக்க அது போதும்; கண்காணிக்கப் போதாது. ஏனென்றால் அதற்குள் காலம் மாறியிருந்தது. 2001 மே மாதம் அமெரிக்காவில் இமாடினிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. பிரையன் டிரக்கரும் நிக்கோலஸ் லைடனும் முன்னின்று கொண்டுவந்த மருந்து. ஓயாமல் கட்டளையிடும் அந்தப் புரதத்தின் வாயையே அது அடைத்துவிடுகிறது. முதல் பெரிய ஆய்வில் சேர்ந்த 1,106 பேரில் இமாடினிப் பெற்ற பிரிவினரில் 83 சதவீதத்துக்குச் சற்று மேல் 10 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். முழுதாகக் குணமாக எலும்பு மஜ்ஜை மாற்று ஒன்றே வழி என்றிருந்த நோய், தினம் ஒரு மாத்திரை போடும் சர்க்கரை வியாதி போல ஆயிற்று. இனிமேல் கேள்வி ‘இருக்கிறதா’ என்பதல்ல, ‘எவ்வளவு மிச்சம்’ என்பதுதான்.

அதற்குத்தான் ரியல் டைம். ஒவ்வொரு சுற்றிலும் படி இரட்டிப்பாகும். எத்தனையாவது சுற்றில் கோடு தரையை விட்டு எழும்புகிறது என்று கருவி குறித்துக்கொள்ளும். முந்தி எழும்பினால் நிறைய இருக்கிறது, பிந்தி எழும்பினால் கொஞ்சம். 3.3 சுற்று தள்ளிப்போனால் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று கணக்கு. கூடவே ஒவ்வொரு ரத்தத்திலும் ஏபிஎல்லைத் தனியாக எண்ணுவோம். அது எல்லோருடைய அணுவிலும் இருப்பது. பிசிஆர்-ஏபிஎல்லை அதோடு ஒப்பிட்டு வரும் சதவீதம்தான் ரிப்போர்ட்டில் நாங்கள் தரும் எண். அது நன்றாக எழும்பினால்தான் எடுத்த ஆர்என்ஏ நல்லது என்று பொருள். ஏபிஎல் பத்தாயிரம் பிரதியாவது இருந்தால்தான் பிசிஆர்-ஏபிஎல் தென்படவில்லை என்று கையெழுத்துப் போட மனம் வரும்.

இந்த இடத்தில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று இருக்கிறது. ஒரு தீபாவளி வாரத்தில் வெளியூரிலிருந்து ஒரு பெண்ணின் ரத்தம் வேறொரு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. கூரியர் கிடங்கில் நான்கு நாள் கிடந்த டியூப். அந்த ஆய்வகம் ‘கண்டறியப்படவில்லை’ என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டது. ஏபிஎல் எத்தனை பிரதி என்ற வரியே அதில் இல்லை. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்திருக்கிறார்கள். வியாதி போய்விட்டது என்று அந்தப் பெண் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏழு மாதம் கழித்து அவர் ரத்தம் எங்களிடம் வந்தபோது எண் 46 சதவீதம். பழைய ரிப்போர்ட்டை அவருடைய மாமியார் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டி, ‘இல்லைன்னுதானேம்மா எழுதியிருக்கு?’ என்று கேட்டார். செத்துப்போன ஆர்என்ஏ-வில் எதைத் தேடினாலும் இல்லை என்றுதான் வரும். அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். ‘சாம்பிள் கெட்டுப்போயிருக்கிறது, மறுபடி அனுப்புங்கள்’ என்று எழுத ஒரு வரி போதும். அதை எழுதாமல் விட்டது மன்னிக்க முடியாத தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

எண் கிடைத்துவிட்டால் போதுமா? ஆரம்பத்தில் ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒரே ரத்தம் ஓரிடத்தில் 0.2 என்று வரும், இன்னோரிடத்தில் 0.08 என்று வரும். இரண்டும் அவரவர் அளவுகோலில் சரி. ஆனால் இடையில் 0.1 என்ற கோடு இருக்கிறது. அதற்கு மேலா கீழா என்பதை வைத்துத்தான் டாக்டர் மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தது சர்வதேச அளவுகோல். இமாடினிப்பின் அந்த முதல் பெரிய ஆய்வில் சிகிச்சை தொடங்கும் முன் 30 பேரிடம் எடுத்த அளவின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டார்கள்; அதிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் 0.1. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வகம் உலகெங்குமுள்ள ஆய்வகங்களோடு மாதிரிகளைப் பரிமாறி, ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுக் காரணியைக் கணக்கிட்டுத் தந்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனமே ஒப்பீட்டு மாதிரிகளை வெளியிட்டது. மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை குத்துவது போலத்தான் இதுவும். எங்கள் ரிப்போர்ட்டில் முதன்முதலாக ‘சர்வதேச அளவுகோலில்’ என்ற சொல்லை அச்சடித்த நாளில் அக்கா எங்கள் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது இன்னொரு நோயைப் பார்த்துத்தான். நாள்பட்ட லிம்ஃபாட்டிக் லுக்கேமியாவில் ஸாப்-70 என்ற மரபணு அதிகம் பேசினால் நோய் வேகமாக முற்றும் என்று 2000-களின் தொடக்கத்தில் ஆய்வுகள் வந்தன. நாங்களும் ஆர்வத்தோடு செய்து பார்த்தோம். அறிவியல் சரிதான். ஆனால் அந்த மரபணு சாதாரண டி-அணுக்களிலும் உண்டு. அவை எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து எண் ஆடும். ஆளுக்கு ஒரு முறை, இடத்துக்கு ஒரு வரம்பு. கடைசிவரை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அளவுகோல் அமையவில்லை. இன்று அந்த நோய்க்கு வேறு மரபணுச் சோதனைகளைத்தான் நம்புகிறார்கள். பிசிஆர்-ஏபிஎல் நிலைத்ததற்குக் காரணம், அது நோயின் வேரே என்பது ஒன்று. உலகம் முழுக்க ஒரே படியால் அளக்க ஒப்புக்கொண்டார்கள் என்பது இன்னொன்று.

அந்த அளவுகோலில் படிகள் இவைதான்: மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் 10 சதவீதமோ அதற்குக் கீழோ, ஆறு மாதத்தில் 1, ஒரு வருடத்தில் 0.1. பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. 0.05 இருந்தது 0.08 ஆகிவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டியதில்லை, இந்தச் சோதனையில் இரண்டு மடங்கு வரை ஆட்டம் சகஜம். 0.05 இருந்தது 0.9 ஆனால்தான் எழுந்து உட்கார வேண்டும்.

அப்படி எழுந்து உட்கார வைத்தவர் ஒரு லாரி டிரைவர். நாமக்கல் பக்கம். இரண்டு வருடம் 0.06, 0.04 என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று 1.4. நான் புது ஆர்என்ஏ எடுத்து மறுபடி ஓட்டினேன். 1.3. டாக்டர், மருந்துக்கு அடங்காத மரபணுப் பிறழ்வு வந்திருக்கலாம் என்று அடுத்த சோதனைக்கு எழுதிவிட்டார். டி315ஐ என்ற பிறழ்வு வந்துவிட்டால் இமாடினிப் மட்டுமல்ல, அடுத்து வந்த டசாடினிப், நிலோட்டினிப்கூடப் பயன்படாது. அந்தச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க அவரே வந்தார். ரத்தம் எடுக்கும் சிஸ்டர் வெளியே போயிருந்ததால் பத்து நிமிடம் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“மேடம், ஒண்ணு சொன்னா டாக்டர்கிட்ட சொல்ல மாட்டீங்களே?”

“சொல்லுங்கண்ணே.”

“மாத்திரை போட்டா குமட்டிக்கிட்டு வருது. ராத்திரி லோடு ஏத்திட்டு ஹைவேல போறப்ப வண்டிய ஓரங்கட்ட முடியாது. அதான் டிரிப் போற நாள்ல போடறதில்ல.”

“மாசத்துல எத்தன நாள் டிரிப்பு?”

“இருவது, இருவத்திரெண்டு.”

நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். மாதத்தில் எட்டு, பத்து நாள்தான் மருந்து உள்ளே போயிருக்கிறது. லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டியில் சில்லு வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வந்தது. நூறு மாத்திரையில் தொண்ணூறாவது விழுங்காதவர்களுக்கு எண் இறங்குவது மிகவும் கடினம் என்று அது காட்டியது. அவருக்குப் பிறழ்வு எதுவும் இல்லை. “அண்ணே, நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, திட்ட மாட்டாரு” என்று சொல்லி, கூடவே போய் அறை வாசலில் விட்டுவிட்டு வந்தேன். இரவு போட்டதை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினார் டாக்டர்: வயிறு நிறையச் சாப்பிட்டு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு. அடுத்த மூன்று மாதத்தில் 0.5. அதற்கடுத்து 0.12. வருடம் முடிவதற்குள் 0.05. அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது எனக்கு இருந்த நிம்மதியை இப்போதும் உணர முடிகிறது.

இமாடினிப் மருந்தின் விலைக்காக நடந்த போராட்டம் எல்லோரும் அறிந்தது. நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பில் சில ஆயிரங்களுக்கு வந்தது. பலருக்கு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் சோதனைக்கு அப்படி யாரும் வழக்குப் போடவில்லை. மாத்திரையை இலவசமாக வாங்குகிறவர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குக் கையிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. நல்லாத்தானே இருக்கோம் என்று முதலில் தள்ளிப்போடுவது இதைத்தான். எண் ஏறத் தொடங்கி, அது உடம்புக்குத் தெரிவதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைத்தான் இந்தச் சோதனை நமக்கு மிச்சப்படுத்தித் தருகிறது.

மருந்தையே நிறுத்திப் பார்க்கலாம் என்ற காலமும் வந்துவிட்டது. பிரான்சில் 100 பேர் நிறுத்திப் பார்த்ததில் சுமார் 40 பேருக்கு ஒரு வருடம் கழித்தும் நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டது. மாத்திரையை மறுபடி தொடங்கியதும் அடங்கியது. இதை டாக்டரின் கண்காணிப்பில், மாதா மாதம் சோதனை செய்துகொண்டு மட்டுமே செய்ய முடியும். சோதனைக்கு வழியில்லாதவருக்கு இந்த நல்வாய்ப்பும் இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. காசநோயைக் கண்டறிய அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் கருவி வைத்திருக்கிறார்கள். அதே வகைக் கருவியில் பிசிஆர்-ஏபிஎல்லுக்கான கார்ட்ரிட்ஜையும் போட்டு ஓட்டலாம். சில மணி நேரத்தில் சர்வதேச அளவுகோலிலேயே எண் வந்துவிடும். ரத்தம் கூரியரில் நாள் கணக்கில் வேக வேண்டியதில்லை. மாத்திரை கொடுக்கிற ஜன்னலிலேயே இந்தச் சோதனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதைச் செய்யும் பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் கேட்க இன்னும் சில உண்டு. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். ரிப்போர்ட்டில் சர்வதேச அளவுகோல் என்று இருக்கிறதா, ஏபிஎல் என்ற கண்ட்ரோல் மரபணுவின் எண்ணிக்கை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெள்ளிக்கிழமை மாலையிலும் பண்டிகைக்கு முந்தின நாளிலும் ரத்தம் கொடுக்காதீர்கள். மாத்திரை விட்டுப்போன நாட்களை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த சோதனைத் தேதியை இன்றைய ரிப்போர்ட்டின் மேல் ஓரத்திலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.